மழையில் அடித்த மணி

மகள் புது வீட்டுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. கறிவேப்பிலைக் கன்று நடலாம் என்று போன வாரம் பின்பக்கம் குழி தோண்டினேன். ஒரு முழம் போவதற்குள் கன்னங்கரேல் என்று மண் வந்தது, கூடவே ஒரு கை வெள்ளை நத்தை ஓடுகள். எடுத்து முகர்ந்தேன். வற்றிய ஏரியின் வாடை. கடப்பாரையைப் போட்டுவிட்டுக் குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இது எந்த ஏரி என்று எனக்குத் தெரியும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், மனை விற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். இப்போது ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அடையாளம் சொல்ல இருந்த மலையையும் கல்குவாரிக்காரர்கள் தின்றுவிட்டதால், மகள் மனை பார்க்கக் கூப்பிட்டபோது நானும் ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்தேன். இத்தனைக்கும் அந்த ஊரின் பூகோளத்தைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவன் நான்.

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, பாலாற்றுக்கு அக்கரையில் ஓராசிரியர் பள்ளியில் வேலை கிடைத்தது. செவிலிமேடு தாண்டி ஆற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவேன். 'நம் ஊர்' என்று ஒரு பாடம் உண்டு. வடக்கே மலை, மேற்கே ஏரி, தெற்கே வயல், நடுவில் நம் பள்ளி என்று நான்கு கோடு இழுத்து முடித்துவிட்டேன். அந்த ஊர் மனிதர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்களுடைய முப்பாட்டன் காலத்தில் ஏரி உடைந்து பாதி ஊர் போயிற்று, மிஞ்சியவர்கள்தான் மலையடியில் வந்து குடிசை போட்டார்கள் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லை.

பள்ளி வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலையிலும் மாலையிலும் அடிப்பேன். மழைக்காலம் வரை ஒரு குறையும் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள், மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், மலை உச்சி தெரியாமல் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. எங்கள் தெருவில் தறிக்குப் போகும் பாவு நூலை நீட்டியிருக்கும்போது ஒரு தூறல் விழுந்தாலும் போதும், முதலில் பார்த்தவன் கத்துவான், எல்லோரும் ஓடிவந்து பட்டு நூலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போவோம். மழை என்றால் கடையைக் கட்டு என்பதுதான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் வேறு. பிள்ளைகளை அனுப்பிவிடலாம் என்று இரும்புக் கம்பியை எடுத்தேன்.

மூன்றாம் வகுப்பு கன்னியம்மா எழுந்து நின்றாள். "சார், மழையில மணி அடிக்கக் கூடாது சார்."

"உக்காரு. பெரிய மனுஷி" என்றேன்.

மழைச் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று ஓங்கி ஓங்கி அடித்தேன். பிள்ளைகள் பையைக்கூட எடுக்கவில்லை. வீட்டுப் பக்கம் போகாமல் மலையைப் பார்த்து ஓடின. பின்னாலேயே ஊர் வந்தது. வெறுங்கையோடு பெண்கள், இடுப்பில் குழந்தைகள், கயிற்றை அறுத்துவிட்ட மாடுகள். யாரும் கத்தவில்லை. நீண்ட ஏரிக்கரையின் ஒரு கோடியில் காவல் காத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் மண்வெட்டியோடு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "ஏறு சார். ஏரி ஒடைஞ்சிக்கினு இருக்குது."

நானும் ஓடினேன். என் மணியை நானே நம்பி, செருப்பை விட்டுவிட்டு, பாறையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஏறினேன். இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் செத்தோம் என்றே நினைத்தேன்.

மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் கரை முழுசாக இருந்தது.

"மணிய யார்பா அடிச்சது?" என்றார் ஏகாம்பரம். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். மழையில் மணி அடித்தால் ஏரி உடைகிறது என்று அந்த ஊருக்கு அர்த்தம், அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான்தான். ஸ்கூல் விடறதுக்கு அடிச்சேன்" என்றேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கரையில ஒரு ஆளு இல்லடா" என்று ஆண்களைத் திரட்டிக்கொண்டு கீழே ஓடினார். நிரம்பிய ஏரியை அநாதையாக விட்டுவிட்டு வரவைத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய பயம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. கன்னியம்மாவின் அம்மா முனியம்மா, பிள்ளை பெற்று ஒன்பதாம் நாள். நனைந்த புடவைக்குள் குழந்தை நீலம் பாரித்துக் கிடந்தது. நான்கு பெண்கள் அதன் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன், அதுவும் ஈரம். ஒருத்தி அதை வாங்கிப் பிழிந்து கீழே போட்டாள். ஏகாம்பரநாதர், வரதர், தெருமுனைப் பிள்ளையார், ஒருவரையும் விடாமல் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முனியம்மா தன் மார்போடு அதை அழுத்திக்கொண்டு அசையாமல் இருந்தாள். பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம். பிறகு அழுகை.

"மன்னிச்சிடும்மா. பொய் மணி" என்றேன்.

"பொய்யோ நெஜமோ, மணி கேட்டா ஏறணும் சார்" என்றாள் அவள். "நின்னு யோசிச்சவங்கல்லாம் எங்க முப்பாட்டன் காலத்துலயே பூட்டாங்க."

கரைக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஏகாம்பரம் தண்டவாளத்தைக் கழற்றிப் போய் ஏரி மதகின் பக்கத்தில் கட்டினார். அதன்பின் மாற்றலாகும் வரை கையைத் தட்டித்தான் பள்ளியைத் திறந்தேன், மூடினேன்.

இப்போது கரை இல்லை, மதகு இல்லை. மழைத் தண்ணீர் வந்து நிற்கிற இடத்தில் என் மகள் சமையலறை கட்டியிருக்கிறாள். "பெருமழை வந்தா எங்கம்மா போவீங்க?" என்று கேட்டேன். "மாடிக்குப் போவோம்பா" என்று சிரித்தாள். மாடி இன்னும் கட்டவில்லை.

நேற்று தூறல் போட்டது. குடையை எடுத்துக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போய்த் தண்டவாளத் துண்டு கிடைக்குமா என்று விசாரித்தேன். "எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர். குடையை விரித்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வாங்கி வந்து அடித்தாலும், ஏறுவதற்கு அங்கே மலை இல்லை.