ஹோஸுக்குக் கேரண்டி இல்லை

மூக்கையாவுக்கு வேன்தான் உயிர் என்று சொன்னால் அது பொய். அவருக்கு உயிர் ரஞ்சிதம். மாவுக்கும் அரிசிக்கும் வரிசையில் நின்ற பஞ்ச வருஷத்தில், வயிறு போய்ச் செத்த ஒரே பிள்ளை. இலங்கையில் கலவானைக்கு மேலே இருந்த ரப்பர் தோட்டத்தில் ஓடைக்கரையோரம் புதைத்திருந்தார்கள். அவளை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறக்கூடாது என்றுதான் மனுஷன் வேன் வாங்கினார்.

அதற்கு முன்பு அவர் தோட்டத்தை நடத்திய துரையின் கார் டிரைவர். தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் துரை போனார், காரும் போனது. இவர் கையில் பால் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது வருமா? மரத்தைக் காயப்படுத்தி ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்த சனங்கள் வரிசை வீடுகளை லயம் லயமாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். இவர்களுக்கும் வந்தது.

"இங்க கெடந்து என்னத்த திங்கிறது?" என்றாள் பெண்சாதி புஷ்பம்.

"வேன் ஒண்ணு எடுத்து வாடகைக்கு ஹயர் ஓடுவேன். பாஸ்போட் வந்தும் போகாம எத்தனையோ பேரு இருக்கான்."

சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டி, இரத்தினபுரியில் ஒரு பழைய ஜப்பான் வேன் எடுத்தார். விற்ற முதலாளி தோளில் கை போட்டுச் சொன்னான்: "எஞ்சினுக்கு ஒரு வருஷம் கேரண்டி இருக்கு அண்ணே. நான் இல்ல, கொழும்புல ஒரு கம்பெனி குடுக்குது. தனியா கொஞ்சம் கட்டுனீங்கன்னா போதும். எது போனாலும் அவங்க பாத்துக்குவாங்க."

கட்டினார். இங்கிலீஷில் அச்சடித்த தாளைக் கொண்டுவந்து, மஞ்சள் தடவி முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார்.

"வேனுக்கு மஞ்சள் பூசுனீங்க, சரி. கடுதாசிக்கு எதுக்கு?"

"அதுதான் புள்ள வேனுக்கே காவலு."

"அப்போ அதுல என்னா எழுதியிருக்குன்னு, தோட்டத்துல மருந்து குடுக்குற டிஸ்பென்சர் ஐயாகிட்ட காட்டுங்களேன்."

காட்டவில்லை. துரை கார் ஓட்டியவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள ஆம்பிளைக்கு மனசு வரவில்லை. வெட்டிப் பெருமை.

சில மாதம் நன்றாகவே ஓடியது. பிள்ளைத்தாச்சி, பொண்ணு மாப்பிள்ளை, காய்ச்சல்காரர் எல்லாரையும் ஏற்றினார். வீட்டில் மீன் வாசம் வந்தது. பிறகு ஒரு நாள் ஏற்றத்தில், எஞ்சின் சூட்டைத் தணிக்கிற தண்ணீர் ஹோஸ் வெடித்தது. தோட்டத்தில் எது கிழிந்தாலும் ஒட்டுவது ரப்பரால்தான். பேக்டரியில் ஒரு ரப்பர் ஷீட்டு வாங்கி, கிழித்து, ஹோஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். தண்ணீர் நின்றது. போதும் என்று ஓட்டினார். அடுத்த கிழமை கட்டு உள்ளே இளகி, தண்ணீர் முழுக்க ஒழுகி, எஞ்சின் கொதித்து இறுகி நின்றுவிட்டது.

அப்போதுதான் தாளை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சர் இரத்தினசபாபதியிடம் போனார். யாழ்ப்பாணத்து மனுஷர், நிதானமாக வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் சுருங்கியது.

"மூக்கையா, இது முழு வேனுக்கும் இல்லை. இதில பேர் போட்டிருக்கிற சாமானுக்கு மட்டும்தான். எஞ்சினுக்குள்ள இருக்கிறது தானா உடைஞ்சாத்தான் தருவினம். ஹோஸ் இதில இல்லை."

"ஹோஸ் வேணாங்க. எஞ்சின்தானே போச்சு."

"ஹோஸாலதானே எஞ்சின் போனது. இதில இல்லாத சாமானால வந்த சேதத்துக்கும் தரமாட்டம் எண்டு பின்பக்கம் போட்டிருக்கினம். வெளி ஆள் கை வச்சாலும் தரமாட்டினம். நீர் ரப்பர் கட்டினீரோ?"

மூக்கையா தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

அப்படியும் கொழும்புக்குப் போனார். கம்பெனிப் பையன் சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினான். விற்ற முதலாளியைக் கேளுங்கள் என்றான். முதலாளி, கம்பெனியைக் கேளுங்கள் என்றான். செய்தவன் ஜப்பானில் இருக்கிறான், அவனை எங்கே போய்க் கேட்பது? திரும்பி வந்த மனுஷன் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்று ஆரம்பித்த புஷ்பம், அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடுவது சாமானியமில்லை.

வேனைக் கழற்றி விற்ற காசு கடைக்கடனுக்குத்தான் ஆனது. கப்பலுக்கு நாள் குறித்தார்கள்.

போகிற அன்று, பெட்டிகளை லொறியில் ஏற்றிவிட்டு, புஷ்பம் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மூக்காயியைக் கூப்பிட்டாள்.

"அக்கா, புள்ள கெடக்கிற எடத்த பன்னி கெளறாம பாத்துக்குவியா?"

மூக்காயி முந்தானையில் மூக்கைத் துடைத்தாள். "இங்க இருக்கிற வரைக்கும் கல்ல வச்சு, தீவாளிக்கு ஒரு வெளக்கு ஏத்துவேன். எனக்கும் பாஸ்போட் வந்தா நானும் போயிருவேன். அதுக்கு மேல என்னைய கேக்காத."

புஷ்பத்துக்கு ஆத்திரம் வந்தது. "ஒரு பேச்சுக்காவது சரின்னு சொன்னா என்ன?"

"விடு புள்ள" என்றார் மூக்கையா. "அக்கா செய்ய முடிஞ்சதத்தான் சொல்லுது."

டிரைவர் பக்கத்தில் இடம் வைத்திருந்தார்கள். அவர் அங்கே ஏறவில்லை. பின்னால் மூட்டைகளோடு ஏறி, ஓடைப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.