கண்ணுக்குப் பார்க்க வந்தேனுங்க

சென்னியம்மாளுக்கு என்ன நோய் என்று முதலில் கண்டுபிடித்தது சென்னியம்மாளேதான்.

அன்னூருக்குத் தெற்கே, ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அவர்கள் தோட்டம். பருத்தியும் சோளமும் போடுவார்கள். கட்டுத்தறியில் எருமைகள். கணவன் தம்பிதுரை குடிக்கிற ஆளில்லை, கை நீட்டுகிற ஆளுமில்லை. ஒரே மகள் லோகப்பிரியா ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். குறை என்று எடுத்துச் சொல்ல அந்த வீட்டில் ஒன்றும் இல்லை. அதுதான் சென்னியம்மாளுக்குப் பெரிய கஷ்டமாகப் போனது.

தொண்ணூற்றி ஒன்றாம் வருஷம் மழைக்காலம் முடிந்த சமயத்தில் அது ஆரம்பித்தது. விடிவதற்கு வெகு முன்னாலேயே முழிப்பு வந்துவிடும். முழித்ததும் நெஞ்சில் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். சோறு மண்ணாகத் தெரிந்தது. பால் கறந்துகொண்டே இருக்கும்போது காரணமில்லாமல் கண்ணீர் வழிந்து பால் போசியில் விழும். மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பாள், பாதியில் கை நின்றுவிடும். "அம்மா, பஸ்ஸு போயிருமுங்க" என்று அவள் அழுகிற குரல் எங்கோ அடுத்த தோட்டத்திலிருந்து வருவதுபோல் கேட்கும்.

"உனக்கென்ன புள்ள கொறை? எதுக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டுத் திரியறே?" என்பான் தம்பிதுரை. செத்துப்போனால் தேவலை என்று தோன்றுவதை எந்த வாயால் சொல்வது?

ஒருநாள் மத்தியானம் ரேடியோவில் ஒரு டாக்டர் பேசினார். தூக்கம் கெடுவது, ருசி போவது, காரணமில்லாத அழுகை, சாகலாம் என்ற நினைப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். "இது திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை. இது ஒரு நோய். மருந்து இருக்கிறது" என்றார். பருத்தி பிரித்துக்கொண்டிருந்த சென்னியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பார்த்தறியாத ஒரு மனுஷர் தன் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்து பேசியது போலிருந்தது. அன்றைக்கு வந்த அழுகையில் கொஞ்சம் ஆறுதலும் இருந்தது.

மகளுக்கு யூனிபாரத் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாள். காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். மனசு சம்பந்தப்பட்ட டாக்டர் எங்கே என்று கேட்க நாக்கு எழவில்லை. போர்டுகளைப் படித்துப் படித்து அந்த அறையைக் கண்டுபிடித்தாள். வெளியே பெஞ்சில் நாலைந்து பேர். எல்லோரும் அவளைப் போலவே தலை குனிந்திருந்தார்கள்.

"ஏஞ்சாமி, சென்னியம்மா! நீ எங்க இங்க?"

தம்பிதுரையின் பெரியம்மா பாவாத்தாள். கீழே விழுந்து உடைந்த கைக்கு மாவுக்கட்டு போட வந்தவள், கட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ணுக்குப் பாக்க வந்தேனுங்கத்தை."

"அட, கண்ணுக்கு இங்க இல்லீயேம்மணி! தெரியாம உக்காந்துட்டிருக்கியே. வா, நான் காட்டறேன்."

பாவாத்தாளுக்கு எழுத்து தெரியாது. போர்டில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்ல கையால் சென்னியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கண் பிரிவு வரிசையில் நிறுத்தினாள். பொழுது சாயும் வரை கூடவே இருந்தாள். சென்னியம்மாள் சுவரில் இருந்த எழுத்துகளைப் பெரிசிலிருந்து சிறிசு வரை பிசகாமல் படித்துக் காட்டினாள். "கண்ணு ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர். பாவாத்தாள் சந்தோஷப்பட்டு, காபி வாங்கிக்கொடுத்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்த்திக் கூட்டிவந்து விட்டாள்.

அதற்கப்புறம் அவளாகப் போகும் துணிச்சல் வரவில்லை. கோடையில் ஒருநாள் தம்பிதுரை மோட்டார் போட வந்தபோது அவள் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைப் பிடித்து இந்தப் பக்கம் தரையில் இழுத்துப் போட்டான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவன் மனசாரவே நம்பினான்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனான். கெடுதல் செய்தவனைத் தண்டிக்கச் சொல்லி அங்கே மிளகாய் அரைப்பார்கள். "செஞ்சவனை நெனச்சு அரை" என்றான். சென்னியம்மாளுக்கு யாரை நினைப்பதென்று தெரியவில்லை. தனக்குக் கெடுதல் நினைக்கிற ஒரு ஆளும் மனசில் தட்டுப்படவில்லை, தன்னைத் தவிர. தன்னையே நினைத்துக்கொண்டு அரைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில், மிளகாய் எரிச்சல் அடங்காத கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: "ஏனுங்க, சாமியக் கும்பிட்டாச்சு. ஒரு டாக்டரையும் பாத்துப்போடலாங்க. இல்லீனா நான் இருக்கமாட்டனுங்க."

பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவன் "சரி" என்றான்.

கோயமுத்தூரில் ஒரு தனியார் டாக்டரிடம் போனார்கள். ஊரில் கேட்டவர்களிடம் 'நரம்பு டாக்டர்' என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் அவளைப் பேசவிட்டுக் கேட்டார். மாத்திரை எழுதிக்கொடுத்து, நல்லானாலும் நான் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்றார். முதலில் வாய் வறண்டது, தலை சுற்றியது. சில வாரம் போனதும் ஒருநாள் ரசத்தில் புளிப்பு தெரிந்தது. சென்னியம்மாள் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். தம்பிதுரை பார்த்தும் பார்க்காதவன் போல எழுந்து போய் வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அந்த வருஷம்தான் அவர்கள் நன்றாக இருந்த வருஷம். ஊர் நோம்பிக்கு அவள் முறுக்குச் சுட்டாள். லோகப்பிரியாவுக்குத் தலை பின்னும்போது பாட்டு முணுமுணுத்தாள்.

பருத்தி எடுப்பு மும்முரத்தில் மாத்திரை தீர்ந்துபோனது. கோயமுத்தூர் போக நேரமில்லாமல் தம்பிதுரை அன்னூரிலேயே ஒரு மருந்துக் கடையில் சீட்டைக் கொடுத்தான். கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குரலே கொஞ்சம் பெரிசு.

"இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறதாச்சுங்களே! ஊட்டுல யாருக்குங்க?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒறம்பரை, சொந்தக்காரர்கள். தம்பிதுரை, "பண்ணையத்துல ஒரு ஆளுக்குங்க" என்று சொல்லிச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். அப்போது அவன் தம்பி கிருபாசங்கருக்கு மேட்டுப்பாளையத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீ நல்லாத்தானே இருக்கே? இனி எதுக்கு மாத்திரை? பொண்ணூட்டுக்காரங்க காதுல உழுந்தா என்னாகும்? கண்ணாலம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அவளும் சம்மதித்தாள். நன்றாகத்தான் இருந்தாள். நோய் போய்விட்டது என்றே நினைத்தாள். கல்யாணத்தில் அவள்தான் ஓடியாடி வேலை செய்தாள்.

அது மெல்ல, தெரியாமல்தான் திரும்ப வந்தது. முதலில் தூக்கம், அப்புறம் ருசி. ஒருமுறை தம்பிதுரையிடம் கேட்டாள். "புதுப்பொண்ணு ஊட்டுல இருக்குது. கொஞ்சம் பொறு" என்றான். மறுபடி கேட்டபோது, "நமக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குதல்ல" என்றான். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அந்தத் தெம்பைத்தான் நோய் முதலில் பிடுங்கிக்கொண்டது. கிணற்றுக்குத் தம்பிதுரை கம்பி வலை அடித்துவிட்டான். வருஷங்கள் போயின. சாணி அள்ளினாள், சோறாக்கினாள், விசேஷங்களில் மூலையில் உட்கார்ந்து பந்தி முடிந்ததும் எழுந்து வந்தாள். "தம்பிதுரை சம்சாரம் அமைதியான பொம்பளை" என்று ஊரில் பேர்.

தொண்ணூற்றி எட்டில் லோகப்பிரியா கோயமுத்தூரில் காலேஜில் சேர்ந்து ஹாஸ்டலில் தங்கினாள். அடுத்த தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவள் வட்டிலில் சோற்றை ஒதுக்கி ஒதுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். சென்னியம்மாள் அந்த விரல்களைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"அம்மா, கொஞ்ச நாளா தூக்கமே வர்றதில்லீங்க. அழுகாச்சியா வருது. எங்க காலேஜ் மேடம் ஒருத்தங்க, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க. போகட்டுங்களா?"

போ கண்ணு, இன்னிக்கே போ என்றுதான் சென்னியம்மாளின் நெஞ்சில் வந்தது. வாசலில் தம்பிதுரை யாரோ ஒருவரிடம் மகள் ஜாதகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"வேண்டாங்கண்ணு."

"உங்களுக்கு மாத்திரையிலதானுங்களே நல்லாச்சு?"

"அது நரம்புக்குச் சாப்பிட்டது. நீ யார்கிட்டயும் சொல்லிப்போடாதே. அந்த மேடத்துகிட்டயும் ஒண்ணுமில்லீன்னு சொல்லிரு."

லோகப்பிரியா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். வட்டிலைத் தள்ளி வைத்துவிட்டு, "சரிங்கம்மா" என்றாள்.

லீவு முடிந்து அவளைப் பஸ் ஏற்றச் சென்னியம்மாள்தான் ரோட்டுக்கு வந்தாள். கோயமுத்தூர் பஸ் அன்றைக்கு வெகுநேரம் வரவில்லை. புளியமரத்தடியில் அம்மாவும் மகளும் மட்டும்தான் நின்றிருந்தார்கள். மனசை மாற்றிக்கொள்ளவும் சொல்லவும் தாராளமாக நேரம் இருந்தது. சென்னியம்மாள் வாயைத் திறக்கவில்லை.