வெறும் கசேர

நான் அனுப்பிய மிளகை எடுக்க மாட்டேன் என்ற வெளிநாட்டுக் கம்பெனிக்கும் எனக்கும் இருந்த வழக்கைத் தீர்க்க வந்த நடுவர் அவர். திருவனந்தபுரத்து வெக்கையிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். உட்காருமுன் நாற்காலியை (அவர் மலையாளத்தில் 'கசேர') கைக்குட்டையால் மூன்று தடவை துடைப்பார்.

மிளகு துறைமுகத்தில் பூசணம் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே முதல் நாள் முழுக்க வழக்குக்கு 'சீட்' எந்த ஊர் என்பதிலேயே போயிற்று. கடைசியில், "சீட் லண்டன்" என்றார்.

"சாரே, நாம எல்லாரும் இங்கதானே உக்காந்திருக்கோம்?" என்றேன்.

"இது வெறும் கசேர. சீட்டுன்னா எந்த ஊர்ச் சட்டம்ங்கறது."

ஆரியசாலைக் கடைத்தெருவில் இத்தனை வருஷம் கடை வைத்தும் எனக்கு இது தெரியாமல் போயிற்று. சாப்பிட எழுந்தவர், பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல, அந்தக் கைக்குட்டையை நாற்காலியில் விரித்துவிட்டுப் போனார். வெறும் கசேரைக்கு எதற்குத் துண்டு போட்டார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.