பச்சை ரேமும் நீல ரேமும்: மச்சான் ஆரோக்கியசாமிக்கு

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். நடுநடுவே கறுப்பாக அப்பியும் இருக்கும். பொறுத்துப் படியுங்கள். கம்ப்யூட்டர் ஓடவில்லை. அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து இங்கே ஃபேஸ்புக்கில் போடுகிறேன்.

அதை ஓடாமல் செய்தவன் இன்று காலை செத்துப்போனான்.

ஆரோக்கியசாமி. என் மனைவி பிலோமினாவின் தம்பி. கடலூர் முதுநகரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம்... எழுந்திருக்கவில்லை.

"எந் தம்பியப் பத்தி நல்லதா நாலு வரி போடுங்க" என்று பிலோமினா அழுதுகொண்டே சொன்னாள். நல்லதாக நாலு வரி என்னிடம் இல்லை. இருப்பதைப் போடுகிறேன்.

ஆயுசு முழுக்க மண்டியில் மூட்டை தூக்கியவன் நான். எழுதப் படிக்கக் கற்றது போன வருஷம்தான், சிதம்பரத்தில் மாலை வகுப்பில். என் வாய்ப்பேச்சு தாளில் வந்து நிற்பதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ஒரு வரி முடிந்ததும் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. அதில் டைப் அடிக்கவும் பழகினேன். ஆனால் ஃபேஸ்புக்கைத் திறந்துவிட்டுக் கடைத்தெருவில் டீ குடித்து வந்துவிடலாம், அவ்வளவு மெது.

"ரேம் பத்தல மாமா, அதான் மெமரி. எடுத்துக்கினு வா" என்றான் ஆரோக்கியசாமி. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கடலூர் போனேன்.

பெட்டியைத் திறந்தான். மதர்போர்டில் ஒரு பச்சை ரேம் இருந்தது. பக்கத்து ஸ்லாட் காலி. ஏதோ டப்பாவைக் கிளறி ஒரு நீல ரேமை எடுத்து அதில் சொருகினான்.

நான் குனிந்து ஸ்டிக்கரைப் படித்தேன். மெதுவாகத்தான். பச்சையில் 1333. நீலத்தில் 1600. கம்பெனிப் பெயரும் வேறு.

"டேய், ரெண்டும் வேற வேறடா."

கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர்கள் பக்கம் திரும்பினான். "பார்றா... கைநாட்டு ஸ்டிக்கர் படிக்குது!"

அத்தனை பேரும் சிரித்தார்கள். வகுப்புக்கு வெளியே, யாரும் சொல்லித்தராமல், நானாகப் படித்த முதல் எழுத்து அது.

"ரெண்டும் டிடிஆர் த்ரீ ரகம்தான் மாமா. வேகமா போறது மெதுவா போறதுக்குத் தோதா எறங்கிக்கும். நீயும் அக்காவும் மட்டும் ஒரே கம்பெனியா? நீ சேத்தியாத்தோப்பு, மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற ஆளு. அது கடலூரு, சர்ச்சு. இத்தினி வருஷம் ஓடல? அப்பப்ப ஹேங் ஆவுது, அவ்ளோதான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அவனிடம் காட்டவில்லை.

வீட்டில் கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள், எழுதிக்கொண்டிருக்கும்போதே நீலத் திரை. எழுதியது அத்தனையும் போச்சு. போன் போட்டேன்.

"ரேமைக் கழட்டி, அந்தத் தங்கக் கலர் பல்ல ரப்பரால தேய் மாமா. அ, ஆ எழுதி அழிக்கிறியே, அந்த ரப்பர்தான்."

தேய்த்தேன். ரப்பர் கறுத்தது. கம்ப்யூட்டர் ஓடியது. கொஞ்ச நாளில் மறுபடி நீலத் திரை. மறுபடி போன் போட்டேன்.

"நீ போட்டத நீயே வந்து கழட்டு. வேற வேற ரேம் போட்டது தப்புன்னு சொல்லு."

"தேய்க்கத் தெரியாம தேச்சிட்டு என்னியச் சொல்றியா? நான் கை வெச்ச மிஷினு எதுவும் நின்னதில்ல. வர மாட்டேன் போ."

"வராத. நானும் தொட மாட்டேன்."

அதோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்கு வந்தவன் அக்கா கையில் கேக்கைக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டர் இருக்கும் பக்கம் திரும்பாமலே போனான். நானும் வாசல் வரை போகவில்லை.

"வெரல் நீளத் தகட்டுக்கு இந்த வயசுல அடிச்சிக்கிறீங்களே" என்று பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள்.

தகட்டுக்கு இல்லை. அதே கடையில், நாலு பேர் நிற்கும்போது, "நீ படிச்சது சரிதான் மாமா" என்று ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அவனைத் திட்டி இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்வேன். ஊரில் எல்லார் பதிவுக்கும் லைக் போடுகிறவன், கட்டாயம் பார்ப்பான். ஆனால் பாதியில் நீலத் திரை வந்துவிடும். அவன் போட்ட ரேம் அவனைத் திட்ட விடவில்லை.

இப்போது அதுவும் இல்லை. பட்டனை அமுக்கினால் பீப் பீப் என்று கத்துவதோடு சரி.

நீ தப்பித்துவிட்டாய் ஆரோக்கியசாமி. நான் எழுதி முடிக்கும்போது படிக்க நீ இல்லை.

தாளில் கறுப்பாக அப்பியிருப்பது அந்த ரப்பர்தான். வீட்டில் வேறு ரப்பர் இல்லை. மேலே உன் பெயரில் ஓர் எழுத்து பிசகியது, அழித்தேன், பெயர் முழுக்கக் கறுத்துவிட்டது. வேறு தாள் எடுக்க மாட்டேன். உனக்கு இது போதும்.

நாளைக்குக் கல்லறைக்கு வருவேன். பிலோமினாவுக்காக. எல்லோரும் ஒரு பிடி மண் போடுவார்கள். நானும் போடுவேன்... கொஞ்சம் வேகமாகவே போடுவேன்.

அடுத்த வாரம் உன் நீல ரேமை நானே கழற்றுவேன். பச்சை மட்டும் வைத்து ஓடினால், அன்றைக்கே டைப் அடித்து இங்கே போடுவேன். சிரித்த அந்த நாலு பேரும் படிக்கட்டும்.

ஓடாவிட்டால்... அதையும் போடுவேன். கையால் எழுதி.

லைக் போட நீதான் இல்லை. போய்த் தொலைடா, மச்சான்.