துரைக்கும் புரட்டாசி

அரூரில் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் நிர்மலா. வயது நாற்பத்தெட்டு. பத்து மணிக்கெல்லாம் வரிசை சேர்ந்துவிடும். ஆதார், பட்டா, சாதிச் சான்று என்று மெஷினில் வைத்து எடுத்தபடியே நாலு பேரிடம் நாலு விஷயம் பேசுவார். வீட்டில் கணவர் கருப்பண்ணனும் துரை என்கிற கொழுத்த வெள்ளைப் பூனையும்.

ஆடி மாதம் துரை ஓயாமல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. உடம்பு இளைத்தது. கால்நடை மருத்துவர் மாதவராஜ் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை நோய் என்றார்.

“காலைல ரெண்டு யூனிட், சாயங்காலம் ரெண்டு யூனிட் இன்சுலின் போடுங்க. சோறு, பால், தயிர் கண்ணுலயே காட்டாதீங்க. மீனு, கோழி, முட்டை மட்டும்.”

மாடும் ஆடும் பார்க்கிறவருக்குப் பூனையின் உடம்பு தெரியுமா என்று நிர்மலாவுக்கு அன்றே சந்தேகம். ஆனாலும் ஆவணி முழுக்கச் சொன்னபடி செய்தார். துரை தேறியது.

புரட்டாசி பிறந்தது. அந்த மாதம் அவர்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது.

“பெருமாள் மாசத்துல வூட்ல கவுச்சியா? ஒரு மாசம் தயிர்சோறு தின்னா உங்க துரை கொறஞ்சா போயிடுவாரு?” என்றார் கருப்பண்ணன்.

நிர்மலா மறுக்கவில்லை. அதுதான் ஊசி போடுகிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் பரிசோதனையில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

“சாப்பாடு நான் சொன்னதுதானுங்களே?” என்று கேட்டார் மருத்துவர்.

பின்னால் ஆடுகளோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். பூனையும் புரட்டாசி விரதம் என்று அவர்கள் காதுபடச் சொல்ல நிர்மலாவுக்குக் கூச்சம்.

“அதேதாங்க சார்.”

மருத்துவர் அளவை மூன்று யூனிட்டாக்கினார்.

மறுநாள் கடையில் நிர்மலாவுக்கு இதே பேச்சு. “ஊசி கேக்கலைன்னா ஏத்திக்கிட்டே போறாருங்க. மாட்டு டாக்டருக்குப் பூனையப் பத்தி என்னா தெரியும்?”

“மாட்டு ஊசியவே போட்டுட்டாரோ என்னமோ,” என்றார் வரிசையில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நிர்மலாவும்தான்.

ஐப்பசி ஒன்றாம் தேதி வீட்டில் மீன் குழம்பு. துரைக்கு வேகவைத்த மீன். தயிர்சோறு நின்றது, மூன்று யூனிட் நிற்கவில்லை. மூன்றாம் நாள் காலை துரையின் பின்னங்கால்கள் துவண்டன. கண் செருகி வலிப்பு வந்தது. துண்டில் சுருட்டிக்கொண்டு ஓடினார் நிர்மலா.

“என்னா ஊசி சார் குடுத்தீங்க!” என்று எல்லோர் முன்னாலும் கத்தினார்.

மாதவராஜ் உடனே குளுக்கோஸ் ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் துரை தலையைத் தூக்கியது. “சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சுங்க. நான் ஏத்தினது அதிகம். மன்னிச்சிக்கங்க,” என்று சொல்லி, அளவைக் குறைத்துச் சீட்டில் எழுதினார்.

நிர்மலாவுக்குக் காரணம் அப்போதே புரிந்துவிட்டது. அதைச் சொல்லாமலே துரையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பத்து நாள் கழித்துச் செல்லம்மாள் என்பவர் ஆதார் நகலெடுக்க வந்தார். அடிக்கடி வருகிறவர்தான்.

“மாட்டுக்கு மடி வீக்கங்க. அன்னிக்குக் கடைல நீங்க சொன்னதக் கேட்டு அந்த டாக்டருகிட்ட போவல. வேற ஆளு வர்றதுக்குள்ள ரெண்டு காம்பு போச்சு. இனிமே அதுல பால் வராதாம்,” என்றார் சாதாரணமாக.

நிர்மலா நகலை மட்டும் நீட்டினார். செல்லம்மாள் போன பிறகு பார்த்தால், அசல் அட்டை மெஷின் கண்ணாடியிலேயே கிடந்தது.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மருத்துவரிடம் போனார். “புரட்டாசி பூரா தயிர்சோறுதாங்க போட்டேன். நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். கடைலயும் உங்களத் தப்பாப் பேசிட்டேன்.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா ஏத்தியிருக்க மாட்டேங்க,” என்றார் மாதவராஜ். பிறகு சொன்னார்: “எங்கிட்ட சொன்னது சரி. கடைல கேட்டுட்டுப் போனவங்ககிட்ட யாருங்க சொல்றது?”

அடுத்த நாளிலிருந்து துரை விஷயத்தில் தப்பு தன்னுடையதுதான் என்று வரிசையில் நிற்பவர்களிடமெல்லாம் நிர்மலா சொன்னார். ஆனால் நிற்பவர்கள் புதியவர்கள். “யாருங்க துரை?” என்று கேட்டார்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அட்டையிலிருந்த முகவரிக்குப் பஸ் ஏறினார். செல்லம்மாள் வாசலுக்கு வந்தார்.

“இந்த அட்டைக்காவா இவ்ளோ தூரம் வந்தீங்க? நானே வந்து வாங்கியிருப்பேனே!”

“அதுக்கு மட்டும் இல்லீங்க,” என்றார் நிர்மலா. “மாடு எங்க கட்டியிருக்கீங்க?”