புயலின் கண்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு புயல் எங்கள் தலைக்கு மேலாகவே கரையைக் கடந்தது. ஏரி நடுவே இருக்கும் எங்கள் பசியாவரம் தீவில் இருந்த எல்லோரையும் முந்தின நாளே படகுகளில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுவந்து, புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கவைத்திருந்தார்கள். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா தம் படகைக் கட்டடத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையில் கட்டியிருந்தார். வடக்கிலிருந்து வீசிய காற்றுக்குக் கட்டடமே மறைப்பாக நின்றது.

விடிந்ததிலிருந்து காற்று ஊளையிட்டது. பெரியவர்கள் ஜன்னல் கதவுகளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சோற்றுப் பொட்டலம் எப்போது வரும் என்பதுதான் என் கவலை. நண்பகலில் சட்டென்று எல்லாம் அடங்கியது. வெயில்கூட எட்டிப் பார்த்தது.

நைனா எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

"வுட்டுச்சி. வூடு இன்னா கதில கீதுன்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

பொன்னேரியில் கல்லூரி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த அக்கா குறுக்கே வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"போவாத நைனா. இது புயலோட கண்ணு. நடுவுல காத்து இருக்காது. மீதிப் பாதி பின்னாலயே வருது."

"புயலுக்கு இன்னாம்மா கண்ணு, மூக்குன்னு?"

அவரோடு கிளம்ப நின்றவர்கள் சிரித்தார்கள். அக்கா விடவில்லை. கடல் சூடேறிக் கிடந்தால் அதன் மேலுள்ள காற்று ஈரத்தோடு மேலே எழும்பிவிடும், அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலும் இருந்து காற்று ஓடிவரும், பூமி சுழல்வதால் அது நேரே வராமல் சுற்றிக்கொண்டு வரும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"இம்மா நேரம் வாடை அடிச்சிதில்ல? அடுத்து தெக்கேந்து அடிக்கும். நடு ஏரில மாட்டிக்குவ."

நான் வாசலுக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தேன். சுற்றிலும் கிணற்றுச் சுவர்போல மேகம். நடுவே வட்டமாக நீலம். கண் என்றால் இமைக்க வேண்டுமே என்று காத்திருந்தேன்.

திரும்பியபோது நைனா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் வெளியே இருண்டது. தெற்கிலிருந்து மோதிய முதல் வீச்சிலேயே நைனாவின் படகு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. பொழுது சாய்ந்தபோதுதான் காற்று தளர்ந்தது. தரைக்கு வந்துவிட்டால் புயலுக்குத் தீனியாகச் சூடான கடல் தண்ணீர் கிடைக்காதாம், அக்கா சொன்னாள். மறுநாள் படகு வேலிகாத்தான் புதரில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. அம்மா அழுதாள். நைனா அழவில்லை.

அக்காவின் பாடம்தான் நைனாவைக் காப்பாற்றியது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். பல வருடங்கள் அப்படியே நம்பியும் வந்தேன். போன மாதம் வானிலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது அதை அவரிடம் சொன்னேன். நைனா சிரித்தார்.

"அவ சொன்னது ஒண்ணும் எனுக்குப் புரியல. என் கையப் புடிச்சிக்கினு இருந்தா பாரு, அவ கை வெடவெடன்னு ஆடிச்சி. அப்டி நடுங்கற பொண்ண வுட்டுட்டு எப்டிப் போறது?"