கால்வாய்க் கரையில் இரட்டை சைக்கிள்

என் கணவரின் பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டு வந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியும். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தெரியமாட்டார். விழித்திரைக் கோளாறு, போனது திரும்பாது என்று தோஹாவில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் கார் ஓட்டுவதில்லை. காலையில் நான் அவரை ஆபீஸில் இறக்கிவிட்டு, நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்குக்குப் போவேன். வழியெல்லாம் பேசமாட்டார். முன்பெல்லாம் சிக்னலுக்குச் சிக்னல் மற்ற வண்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டே வருகிற மனிதர்.

சாயங்காலம் தோஹாவின் நஜ்மா பகுதியில் எங்கள் ஃபிளாட்டில், டிவியிலிருந்து வெகு தள்ளி, படம் முழுக்கத் தெரிகிற தூரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். யாரோ ஒருவர் சைக்கிளில் கேமராவைக் கட்டிக்கொண்டு, பிரான்ஸில் ஒரு கால்வாய்க் கரையோரமாக மணிக்கணக்கில் போகும் வீடியோ. பேச்சே கிடையாது. தண்ணீர், மரம், எப்போதாவது ஒரு படகு, பிறகு திராட்சைத் தோட்டம். சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மரங்கள் போய்க்கொண்டே இருக்கும்.

"இதுல அப்படி என்னங்க இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"காரே வராது பாரு. அந்தக் காலத்துல குதிரைய விட்டுப் படகு இழுக்கறதுக்குப் போட்ட பாதை. துலூஸ்ல ஏறினா நேரா கடலுக்கே போயிடலாம்."

"அப்ப நாம போலாமா?"

எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் தலையை முழுசாகத் திருப்பி என்னைத் தேடிப் பார்த்தார். "என்னால ஓட்ட முடியாதும்மா. உனக்குத் தெரியாதா?"

"பின்னால உக்காருங்க. நான் ஓட்டறேன்."

கோயம்புத்தூரில் காலேஜுக்குச் சைக்கிளில் போனதோடு சரி. இருபது வருஷத்துக்கு மேல் பெடலில் கால் வைத்ததில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

எங்கள் கிளினிக்கில் ஒரு பிலிப்பைன்ஸ் நர்ஸ் உண்டு. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சைக்கிள் ஓட்டும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கிற நீள சைக்கிள் ஒன்று அவளுடைய தோழியிடம் சும்மா கிடந்தது. அடுத்த வெள்ளியே அதைக் கொண்டுவந்துவிட்டாள். ஊருக்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டிச் சைக்கிளுக்கென்றே போட்டிருக்கும் பாதையில் எங்கள் முதல் பாடம்.

"முன்னால இருக்கறவங்க வாய மூடவே கூடாது" என்று இங்கிலீஷும் இந்தியும் கலந்து அவள் விளக்கினாள். "கியர் மாத்தினா சொல்லணும். பிரேக் பிடிச்சா சொல்லணும். பள்ளம் வந்தா சொல்லணும். பின்னால இருக்கறவருக்கு உங்க குரல்தான் ரோடு."

நான் அதிகம் பேசாதவள். முதல் தரம் ஏறியபோது எதையும் சொல்லாமல் இடது பக்கம் திரும்பினேன். அவர் வலது பக்கம் சாய்ந்தார். இரண்டு பேரும் மணலில் கிடந்தோம். அவர் முழங்கையைத் துடைத்துக்கொண்டு, "கல்யாணமான புதுசுலயும் நீ இப்படித்தான், மனசுக்குள்ளயே திரும்புவ" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது. "லேசா மேடு, மிதிங்க. எதிர்ல ரெண்டு பேர் வர்றாங்க. இப்ப நிறுத்தப்போறேன்" என்று பேசிப் பேசித் தொண்டை கட்டும். பாதையோரம் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற தமிழ் ஆள் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, அக்கா கஷ்டப்பட்டு ஓட்டுது, நீங்க சவாரி போறீங்களா?" என்று கேட்டார். "நான் இஞ்சின் தம்பி. அவங்க டிரைவரு" என்றார் என் கணவர். அன்று அவர் மிதித்த மிதியில் என் கால்கள் தாமாகச் சுற்றின.

மே மாதம் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

துலூஸில் வாடகைக்கு எடுத்த சைக்கிள் பச்சை நிறம். பின்னால் இரண்டு பைகள். ஒன்றில் துணி, மற்றதில் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும். ஊரைத் தாண்டியதும் கால்வாய் எங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு கரையிலும் பிளேன் என்கிற உயரமான மரங்கள் தண்ணீருக்கு மேலே கை கோத்து நின்றன. அதே மரங்கள், அதே பாதை, ஆனால் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது, ஈர இலை வாசம் வந்தது. நான் பேசவேண்டியதைப் பேசாமல் வாயைப் பிளந்துகொண்டு ஓட்டினேன்.

"என்ன தெரியுது, சொல்லு" என்றார் பின்னாலிருந்து.

சொன்னேன். படகில் துணி காயப்போட்டிருந்ததை, அதன் மேல்தளத்தில் தூங்கிய நாயை, ஒரு பாலத்தடியில் குஞ்சுகளோடு போன வாத்தை. அவருக்கு நேர் எதிரே என் முதுகுதான் இருந்தது. தலையைப் பக்கவாட்டில் திருப்பி நான் சொன்னதை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பார். "ஆமா, நாய்! பார்த்துட்டேன்" என்பார். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து நீள ரொட்டியைப் பிய்த்து, ஆலிவ் எண்ணெயில் பருப்புப் பொடியைக் குழைத்துத் தொட்டுச் சாப்பிட்டோம். அத்தனை ருசியாக நான் எதையும் சாப்பிட்டதில்லை.

கார்கஸோன் ஊரைத் தாண்டிய பிறகு பாதை மாறியது. தார் போய் மண் வந்தது. மரவேர்கள் குறுக்கே புடைத்துக்கொண்டிருந்தன. மழையும் பிடித்துக்கொண்டது. "வேர், வேர், இன்னொரு வேர்" என்று நான் சொல்லிக்கொண்டே வருகையில் ஒரு மேட்டில் இரண்டு பேரும் சேர்ந்து அழுத்தி மிதித்தோம். படக்கென்று ஒரு சத்தம். பெடல் சும்மா சுற்றியது. செயின் அறுந்து சேற்றில் கிடந்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். சற்றுத் தொலைவில் ஒரு மதகு. படகுகளை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு இறக்குவதற்காகக் கால்வாயின் குறுக்கே இரண்டு ஜோடிக் கதவுகள். நடுவில் கல்லால் கட்டிய தொட்டி. ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி அதைக் கவனித்துக்கொண்டிருந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். நான் செயினைத் தூக்கிக் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கி, தொட்டிக்குள் வந்து நின்றிருந்த படகைப் பார்த்து ஏதோ கத்தினார். அதில் வயதான டச்சுக்காரத் தம்பதி இருந்தார்கள். அடுத்த ஊரில் சைக்கிள் கடை இருக்கிறது, அதுவரை நாங்கள் கொண்டுபோகிறோம் என்று அவர்கள் இங்கிலீஷில் சொன்னார்கள். பச்சை சைக்கிள் படகின் கூரைமேல் ஏறியது. நாங்களும் ஏறினோம்.

"தண்ணி இறங்கும்போது யாராவது கயிறு பிடிக்கணும்" என்றார் டச்சுக்காரர். "நான் பிடிக்கறேன்" என்று என் கணவர் முன்னால் போய் நின்றுவிட்டார்.

மதகுப் பெண்மணி மேலிருந்து கயிற்றை வீசினார். அது பக்கவாட்டிலிருந்து வந்தது. என் கணவருக்குத் தெரியவில்லை, தோளில் பட்டுத் தண்ணீரில் விழுந்தது. பெண்மணி முகம் சுளித்து மறுபடி வீசினார். மறுபடியும் விழுந்தது. நானே போய்ப் பிடித்துவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். அவர் திரும்பாமலே, "இரு" என்றார். பிறகு மேலே பார்த்துத் தன் கண்ணைத் தொட்டுக் காட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணின் இரு பக்கமும் மறைப்பாக வைத்துக் காட்டினார். இவ்வளவுதான் தெரியும் என்று அர்த்தம். தோஹாவில் நெருங்கிய நண்பர்களிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

அந்தப் பெண்மணி புரிந்துகொண்டார். அவருக்கு நேர் எதிரே வந்து மண்டியிட்டு, கயிற்றைக் கையிலேயே கொடுத்தார். கதவின் அடியில் இருந்த மடை திறந்தது, தண்ணீர் இரைந்துகொண்டு வடிந்தது, படகு பாசி படிந்த சுவர்களுக்கிடையே கீழே கீழே இறங்கியது. கயிற்றை ஒரேயடியாக விடவும் கூடாது, இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. அவர் கை உணர்வை நம்பிக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். படகு சுவரில் உரசவே இல்லை. "நல்ல கை" என்றார் டச்சுக்காரர். அடுத்த மதகிலும் அவரையே கூப்பிட்டார்கள்.

மறுநாள் புதுச் செயினோடு கிளம்பினால், மழையில் கரை சரிந்ததால் பாதையை அடைத்திருந்தார்கள். திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஒரு குன்றின்மேல் ஏறிச் சுற்றிப் போகவேண்டும். வியர்த்து, மூச்சு வாங்கி, நடுவில் இறங்கி நின்று, மறுபடி ஏறி உச்சிக்கு வந்தோம். கீழே இரு பக்கமும் இளம்பச்சை வரிசைகள். நடுவே நேராக இறங்கும் தார்ச்சாலை. எங்கும் ஒரு வண்டி இல்லை.

நான் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இறங்கினேன்.

"ரோடு எப்படி?"

"நேரா இருக்குதுங்க. காலியா இருக்குது."

"அப்ப எதுக்குப் பிடிச்சுட்டே வர்ற? விடு."

"பயமா இருக்குதுங்க."

"எனக்கும்தான். விடு."

விட்டேன். சைக்கிள் பாய்ந்தது. கொடிகள் கலங்கிய பச்சையாக ஓடின. காதில் காற்று அலறியது. அவர் பின்னால் ஏதோ கத்திக்கொண்டு வந்தார், வார்த்தை ஒன்றும் இல்லை, வெறும் சத்தம். நானும் கத்தினேன். அடியில் வந்து நின்றோம். கொடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

கடலை அடைந்த அன்று நல்ல வெயில். இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றோம். பனிக்கட்டி மாதிரி குளிர். வளைகுடாவின் வெதுவெதுப்பில் பழகிய எங்கள் கால்கள் ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

தோஹா திரும்பிய பிறகு காரில் பேச்சு வந்துவிட்டது. வண்டிக்காரர்களைத் திட்டுவதும் கூடவே வந்தது. நான் பார்த்துச் சொல்கிறேன், அவர் திட்டுகிறார். போன மாதம் சொந்தமாக ஒரு இரட்டை சைக்கிளுக்குச் சொல்லியிருந்தோம், நீளமான பெட்டியில் வந்தது. லிஃப்டுக்குள் நுழையவில்லை. வாட்ச்மேன் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம் பிடித்துப் படியேற்றினோம். பிரித்து மாட்டி ஹாலில் நிறுத்தினால் சமையலறைக் கதவு திறக்கவில்லை.

அவர் கையால் தடவி நீளத்தை அளந்தார். பிறகு சுவரோரம் தடவிக்கொண்டே போய்ச் சோபாவில் இடித்துக்கொண்டார்.

"இந்தச் சோபாவ யாருக்காவது குடுத்தரலாமா?" என்றார்.

"இப்பவே ஃபோன் பண்றேன்" என்றேன்.